குற்ற ஒப்புதலும் பொலிஸ் அதிகாரமும்: ஒரு சட்டவிதியின் வரலாறு

பொலிஸ் அதிகாரத்தின் துஷ்பிரயோகம் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் தனிப்பட்ட அதிகாரிகளின் கொடுமையையோ, ஆட்சியிலிருக்கும் கட்சியொன்றின் தன்மையையோ அதன் காரணமாகக் காட்டுவது வழக்கம். இவ்விரண்டும் பொய்யல்ல. ஆயினும் ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாக, ஆட்சிகள் மாறியும் அதிகாரிகள் மாறியும், ஒரே வகையான குற்றச்சாட்டுகள் ஒரே வகையான இடங்களில் எழுந்து வருவதற்கு அக்காரணங்கள் மட்டும் போதா. அதிகாரத்தைக் கையாளும் மனிதரை மாத்திரமன்றி, அவ்வதிகாரம் எவ்வாறு அமைக்கப்பட்டது, எதனால் கட்டுப்படுத்தப்பட்டது, அக்கட்டுப்பாடு எப்பொழுது யாரால் தளர்த்தப்பட்டது என்பவற்றையும் வரலாற்றடிப்படையில் நோக்குதல் அவசியமாகின்றது.

இக்கட்டுரை அத்தகைய நோக்குக்கு ஒரேயொரு சட்டவிதியைத் துணையாகக் கொள்கின்றது. பொலிஸ் உத்தியோகத்தர் ஒருவரிடம் செய்யப்பட்ட குற்ற ஒப்புதலை, அதனைச் செய்தவருக்கெதிராக நீதிமன்றத்தில் எண்பித்தல் ஆகாது என்பதே அவ்விதி. இலங்கையின் சான்றுக் கட்டளைச் சட்டத்தில் 25 ஆம் பிரிவாக அமைந்துள்ள இச்சிறு வாசகம், சட்ட மாணவர் மனனஞ்செய்யும் நுட்ப விதி மாத்திரமன்று. பிறந்த காலத்திலிருந்து அதனைத் தொடர்ந்து செல்வோமாயின், அரசுக்கும் பொலிசுக்கும் குடிமகனுக்கும் இடையிலான உறவின் வரலாறே நமக்குப் புலனாகும்.

1. சென்னை மாகாணத்தில் தோற்றம்

இவ்விதியின் தோற்றுவாய் தமிழ் பேசும் மக்கள் பெருந்தொகையாக வாழ்ந்த சென்னை மாகாணத்திலேயே உள்ளது. 1854 ஆம் ஆண்டு சென்னை மாகாணத்தின் நிலவரிமுறை பற்றிப் பிரித்தானியப் பாராளுமன்றத்தில் எழுந்த விவாதத்தில், வரி அறவிடுவதற்குச் சித்திரவதை பயன்படுத்தப்படுகின்றது என்ற குற்றச்சாட்டு முன்வைக்கப்பட்டது. அதனைத் தொடர்ந்து எலியட், ஸ்டோக்ஸ், நோர்ட்டன் ஆகிய மூவரைக் கொண்ட விசாரணைக் குழுவொன்று நியமிக்கப்பட்டு, 1855 ஆம் ஆண்டில் தன் அறிக்கையைச் சமர்ப்பித்தது. குழுவுக்குக் கிடைத்த காலம் குறுகியது. ஆயினும் 1,959 முறைப்பாடுகள் அதற்கு வந்தன. தொலைவிடங்களிலிருந்து நேரில் வந்து முறையிட்டோர் 519 பேர். ஏனையோர் எழுத்துமூலம் முறையிட்டனர்.

குழு பதிவு செய்த கொடுமைகளிற் பலவற்றுக்குத் தமிழிற் பெயரிருந்தது என்பது சிந்தனைக்குரியது. இரு கோல்களுக்கிடையில் விரல்களை வைத்து நெரிக்கும் கிட்டி அவற்றுள் ஒன்று. வெயிலில் நிறுத்துதல், குனிந்த நிலையில் எழமுடியாதவாறு கட்டிவைத்தல், உணவைத் தடுத்தல் ஆகியனவும் இடம்பெற்றன. ஒரு கொடுமைக்கு நாட்டு வழக்கில் நிலையான பெயர் வழங்குமாயின், அது விதிவிலக்காக நிகழ்ந்ததன்று, நிருவாகத்தின் அன்றாட நடைமுறையாகவே இருந்தது எனக் கொள்ளுதல் தவறாகாது.

இந்நடைமுறையின் அடிப்படை யாது? 1816 ஆம் ஆண்டின் ஒழுங்குவிதிகளின் பின்னர் சென்னை மாகாணத்தில் வரி அறவிடும் அதிகாரமும் பொலிஸ் அதிகாரமும் ஒரே கரங்களில் குவிந்திருந்தன. தாசில்தாரே வரிகேட்பவர், அவரே குற்றம் விசாரிப்பவர். வரி செலுத்தாத குடியானவனையும் குற்றஞ்சாட்டப்பட்டவனையும் ஒரே சேவகன் ஒரே முறையிற் கையாண்டான். கும்பனி நிருவாகம் கோரிய வரித்தொகையோ உழவனின் சக்திக்கு அப்பாற்பட்டது. மேலிருந்து வரும் வற்புறுத்தல் படிப்படியாகக் கீழிறங்கி, இறுதியில் உழவனின் உடலிலே சென்று முடிந்தது.

குழுவின் அறிக்கை இக்கொடுமைகளின் உண்மையை ஏற்றுக்கொண்டபோதிலும், அவற்றுக்கான பொறுப்பைச் சுதேச ஊழியர் மீதே சுமத்தி, ஐரோப்பிய அதிகாரிகளை விடுவித்தது. 1857 செப்தெம்பரில் நியூயோர்க் டெய்லி ட்ரிபியூன் பத்திரிகையில் இவ்வறிக்கையை ஆராய்ந்து எழுதிய கார்ல் மார்க்ஸ், இம்முடிவின் நேர்மையை வினாவுக்குட்படுத்தினார். முறைப்பாடு செய்வதற்குக் குடியானவன் கடக்கவேண்டியிருந்த தூரம், செலவு, பழிவாங்கப்படும் அச்சம் ஆகியவற்றை அறிக்கையே எடுத்துக்காட்டியிருந்ததை அவர் கவனித்தார். கொடுமையைச் செய்த கரத்தை மாத்திரம் கண்டு, அக்கரத்தை இயக்கிய வருவாய்முறையைக் காணாதுவிடும் இப்போக்கு 1855 உடன் முடிந்துவிடவில்லை என்பதைப் பின்னர் காண்போம்.

2. நம்பாமை சட்டமாதல்

அறிக்கையின் விளைவுகள் இருவகைப்பட்டன. முதலாவது அமைப்பு சார்ந்தது. வரி நிருவாகத்திலிருந்து பொலிசைப் பிரிக்கும் நோக்குடன் 1859 ஆம் ஆண்டில் சென்னை மாகாணப் பொலிஸ் சட்டம் இயற்றப்பட்டது. 1861 இல் இந்தியப் பொலிஸ் சட்டம் தொடர்ந்தது. இரண்டாவது சான்று சார்ந்தது. 1861 ஆம் ஆண்டின் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவை, பொலிசாரிடம் செய்யப்பட்ட குற்ற ஒப்புதலைச் சான்றாகக் கொள்ளலாகாது என விதித்தது. ஜேம்ஸ் பிற்ஸ்ஜேம்ஸ் ஸ்டீபன் வரைந்த 1872 ஆம் ஆண்டின் இந்தியச் சான்றுச் சட்டத்தில் இவ்விதி 25 ஆம் பிரிவாயிற்று. பொலிஸ் காவலில் இருக்கும்போது நீதவான் முன்னிலையில்லாது பிறரிடம் செய்யப்படும் ஒப்புதலும் 26 ஆம் பிரிவினால் விலக்கப்பட்டது.

இங்கிலாந்தில் இவ்வாறான முழுத்தடை இருக்கவில்லை என்பது முக்கியமானது. அங்கு பொலிசாரிடம் சுயவிருப்புடன் செய்யப்பட்ட ஒப்புதல் ஏற்கப்பட்டது. தன் நாட்டுப் பொலிஸ்காரரை நம்பிய அதே அரசு, குடியேற்ற நாட்டிலே தானே உருவாக்கிய பொலிஸ்காரரை நம்பாமைக்குக் காரணம் என்ன? சுதேசிகளைப் பற்றிய இனவாத எண்ணம் அதிலிருந்தது என்பதை மறுக்க முடியாது. ஆனால் அதனோடு ஓர் அனுபவ உண்மையும் கலந்திருந்தது. இந்தியப் பொலிசார் ஏன் கைதிகளைத் துன்புறுத்துகின்றனர் என்ற வினாவுக்கு, சான்று தேடி வெயிலில் அலைவதைவிட நிழலிலிருந்து ஒருவனை வதைப்பது அவர்களுக்குச் சுலபம் என்ற கருத்துப்பட அனுபவமிக்க அதிகாரியொருவர் விடையிறுத்ததை ஸ்டீபன் தமது குற்றவியற் சட்ட வரலாற்று நூலிற் பதிவு செய்துள்ளார். விதியின் பொருளாதாரம் இதுவே எனலாம். ஒப்புதல் சான்றாகும் இடத்தில் விசாரணைத் திறன் தேவையற்றதாகின்றது. ஒப்புதலுக்கு நீதிமன்றத்தில் விலையில்லாவிடத்து, அதனைப் பிழிந்தெடுப்பதற்கான ஊக்கமும் குறைகின்றது. ஆகவே 25 ஆம் பிரிவு பொலிசாரின் நற்குணத்தை வேண்டி நிற்கவில்லை. கொடுமையினாற் கிடைக்கும் பயனையே அகற்ற முயன்றது.

அதேவேளை, இப்பாதுகாப்பு முழுமையானதுமன்று. ஒப்புதலின் விளைவாகப் பொருளொன்று கண்டுபிடிக்கப்படுமாயின், அக்கண்டுபிடிப்போடு தொடர்புடைய பகுதியை எண்பிக்கலாம் என 27 ஆம் பிரிவு இடமளித்தது. முன்வாசலை அடைத்தவர்கள் பின்வாசலிற் சிறிது இடைவெளி விட்டிருந்தனர்.

3. இலங்கைக்கு வந்த இரு மரபுகள்

இலங்கையில் 1865 ஆம் ஆண்டின் 16 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் நவீன பொலிஸ் படைக்கு அடித்தளமிட்டது. 1866 செப்தெம்பரில் தலைமைப் பொறுப்பை ஏற்ற காம்ப்பெல், பம்பாய் மாகாணத்து ரத்தினகிரியில் பொலிஸ் சேவையாற்றியவர். கிராமங்களிலே முதலியார், உடையார், விதானை முதலிய தலைமைக்காரரின் அதிகாரம் நெடுங்காலம் நீடித்தபோதிலும், நகரங்களிலும் பின்னர் பெருந்தோட்டப் பகுதிகளிலும் இப்படையே அரசின் கண்ணும் கரமுமாயிற்று. மக்களுக்குப் பொறுப்புக் கூறும் காவற்சேவை என்பதைவிட, ஆட்சியைக் காக்கும் ஆயுதந்தரித்த படை என்ற தன்மையே குடியேற்ற நாட்டுப் பொலிஸ் அமைப்புகளின் பொதுப்பண்பாகும்.

இதனோடு நம்பாமை மரபும் வந்து சேர்ந்தது. 1883 ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவை, ஒப்புதல் பெறும் நோக்குடன் ஒருவருக்குக் காயம் விளைவித்தலைத் தனிக்குற்றமாக்கியது. 1895 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்கச் சான்றுக் கட்டளைச் சட்டம் இந்தியச் சட்டத்தைப் பின்பற்றி 24, 25, 26, 27 ஆம் பிரிவுகளை அவ்வாறே ஏற்றுக்கொண்டது. வலிமைமிக்க பொலிஸ் படை ஒருபுறம், அப்படையை நம்பாத சட்டவிதி மறுபுறம் என்ற இரு மரபுகளும் இலங்கைக்கு இந்தியாவிலிருந்தே வந்தன. பின்வந்த ஆட்சியாளர் முதலாவதைப் பேணிக்கொண்டு இரண்டாவதைப் படிப்படியாகத் தளர்த்தியமையே நாம் கவனிக்கவேண்டிய வரலாறாகும்.

சுதந்திரத்துக்கு முற்பட்ட இறுதிப் பத்தாண்டில் நிகழ்ந்த இரு சம்பவங்கள் இப்படையின் வர்க்கச் சார்பை வெளிப்படுத்தின. 1940 ஜனவரி 10 ஆம் திகதி முல்லோயாத் தோட்டத்தில் வேலைநிறுத்தத்தின்போது கோவிந்தன் என்ற தொழிலாளி பொலிசாரின் துப்பாக்கிச் சூட்டுக்குப் பலியானார். இதனை விசாரித்த ஆணைக்குழுவின் முன் கோவிந்தனின் மனைவிக்காக லங்கா சமசமாஜக் கட்சித் தலைவர்களுள் ஒருவரான கொல்வின் ஆர். டி சில்வா தோன்றினார். தொழிலாளருக்கெதிரான வழக்குகளை ஒத்திவைப்பது குறித்து உள்நாட்டமைச்சர் டி. பி. ஜயதிலக்கவுக்கும் பொலிஸ் மா அதிபர் பாங்க்ஸுக்கும் இடையில் எழுந்த பிணக்கில் ஆளுநர் கால்டிகொட் பொலிஸ் மா அதிபரின் பக்கம் நின்றமையால், அமைச்சர் சபையே 1940 பெப்ரவரியிற் பதவி துறந்தது. பொலிஸ் படை யாருக்குப் பொறுப்புடையது என்ற வினா முதன்முறையாக அரசியல் நெருக்கடியாக வெடித்தது இச்சந்தர்ப்பத்திலேயே எனலாம். 1947 ஜூன் 5 ஆம் திகதி கொழும்பில் வேலைநிறுத்தக்காரர் ஊர்வலத்தின்மீது பொலிசார் சுட்டதில் அரசாங்க எழுதுவினைஞர் கந்தசாமி உயிரிழந்தார். அதே மாதத்திலேயே, 1947 ஆம் ஆண்டின் 25 ஆம் இலக்கப் பொதுசனப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் நிறைவேற்றப்பட்டது. சுதந்திர இலங்கையை அதன் வாழ்நாளின் பெரும்பகுதியில் ஆண்ட அவசரகாலச் சட்டத்தின் தாய் இதுவே. அது அந்நியப் படையெடுப்பை எதிர்நோக்கியன்று, தொழிலாளர் வேலைநிறுத்தத்தை எதிர்நோக்கியே பிறந்தது என்பது மறக்கத்தக்கதன்று.

4. 1962: பொலிஸ் அதிகாரிகளைக் காத்த விதி

25 ஆம் பிரிவின் மீதான முதற் பெருந்தாக்குதல் 1962 ஆம் ஆண்டில் நிகழ்ந்தது. அவ்வாண்டு ஜனவரி மாதத்தில் திட்டமிடப்பட்டிருந்த இராணுவப் புரட்சி முயற்சி, நிறைவேறுமுன்னரே வெளிப்பட்டது. குற்றஞ்சாட்டப்பட்ட 24 பேருள் படைத்துறையினரோடு பொலிஸ் உயரதிகாரிகளும் அடங்கினர். பிரதிப் பொலிஸ் மா அதிபர் சி. சி. திசாநாயக்க அவர்களுள் ஒருவர். வழக்குக்கெனப் பாராளுமன்றம் இயற்றிய 1962 ஆம் ஆண்டின் 1 ஆம் இலக்கக் குற்றவியற் சட்ட (விசேட ஏற்பாடுகள்) சட்டம், குற்றத்தையும் தண்டனையையும் பின்னோக்கிச் செல்லத்தக்கதாக மாற்றியதுடன், காவலிலிருந்தோர் பொலிசாரிடம் அளித்த கூற்றுகள் சான்றாகவும் வழிசெய்தது.

வாழ்நாள் முழுவதும் பிறரை விசாரித்த அதிகாரிகளே இப்பொழுது பொலிசாரிடம் அளிக்கப்பட்ட கூற்றின் நம்பகத்தன்மையை எதிர்த்து வாதாட நேர்ந்தது. குற்றவாளிகளாகக் காணப்பட்டோரின் மேன்முறையீட்டில், பிரிவி கவுன்சில் எனப்படும் கோமறைக் கழகம் 1965 டிசெம்பரில் தன் தீர்ப்பை வழங்கியது. குறிப்பிட்ட சிலரைத் தண்டிப்பதற்கென்றே குற்றம், தண்டனை, சான்று ஆகிய மூன்றையும் ஒருசேர மாற்றியமைத்தல் நீதித்துறை அதிகாரத்தில் தலையிடுவதாகும் எனக் கூறி, அச்சட்டத்தைச் செல்லுபடியற்றதாக்கி, குற்றத்தீர்ப்புகளை நீக்கியது. லியனகே வழக்கு எனப் பொதுநலவாய நாடுகளெங்கும் அறியப்படும் இத்தீர்ப்பு அதிகாரப் பிரிவினைக் கோட்பாட்டுக்கு மேற்கோளாக எடுத்தாளப்படுகின்றது. அதனுள் மறைந்திருக்கும் வேறொரு பாடத்தையும் நாம் கருதவேண்டும். சந்தேக நபரின் உரிமை என்பது வறியவனுக்கும் கிளர்ச்சிக்காரனுக்கும் மாத்திரம் உரியதன்று. அதிகாரச் சக்கரம் ஒருமுறை சுழலும்போது அதிகாரியே சந்தேக நபராகின்றான்.

5. 1972: முற்போக்கு அரசாங்கமும் விதிவிலக்கும்

இரண்டாவது தாக்குதல் முற்போக்குச் சிந்தனையாளர் கூர்ந்து நோக்கவேண்டியது. 1971 ஏப்பிரலில் மக்கள் விடுதலை முன்னணி நடத்திய கிளர்ச்சி அடக்கப்பட்டபோது பல்லாயிரம் இளைஞர் தடுத்து வைக்கப்பட்டனர். அவர்களிற் பெரும்பாலோர் சிங்களக் கிராமப்புறத்தைச் சேர்ந்த, கல்விகற்று வேலையற்றிருந்த இளைஞராவர். அவர்களை விசாரிப்பதற்கென 1972 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்கக் குற்றவியல் நீதி ஆணைக்குழுக்கள் சட்டம் நிறைவேற்றப்பட்டது. இச்சட்டத்தின்கீழ்ச் சான்றுக் கட்டளைச் சட்டத்தின் தடைகள் ஒதுக்கப்பட்டு, பொலிசாரிடம் செய்யப்பட்ட ஒப்புதல்கள் ஏற்கத்தக்கவையாயின. பிரதம நீதியரசர் எச். என். ஜி. பெர்னாண்டோவின் தலைமையில் ஐந்து நீதியரசர்களைக் கொண்ட ஆணைக்குழு முக்கிய வழக்கை விசாரித்தது.

இச்சட்டத்தை இயற்றிய ஐக்கிய முன்னணி அரசாங்கத்தில் லங்கா சமசமாஜக் கட்சியும் கம்யூனிஸ்ட் கட்சியும் பங்காளிகளாக இருந்தன. முல்லோயாவில் பொலிசாரின் சாட்சியத்தை எதிர்த்து நின்ற கொல்வின் ஆர். டி சில்வா அவ்வரசாங்கத்தின் அரசியலமைப்பு விவகார அமைச்சர். இதனைத் தனிமனிதரின் முரண்பாடாக மாத்திரம் கொள்ளுதல் போதாது. எதிர்க்கட்சியிலிருக்கும்போது பொலிசின் வர்க்கச் சார்பைக் கண்டவர்கள், ஆட்சியில் அமர்ந்ததும் அதே பொலிசைத் தம் கருவியாக எண்ணினர். கருவியின் இயல்போ ஆள்பவர் மாறியதால் மாறிவிடவில்லை. அவ்வாண்டு மே மாதம் நடைமுறைக்கு வந்த முதலாவது குடியரசு அரசியலமைப்பு அடிப்படை உரிமைகளைத் தன் 18 ஆம் பிரிவிற் கூறியபோதிலும், சித்திரவதையிலிருந்து விடுதலை என்ற உரிமை அதில் வெளிப்படையாக இடம்பெறவில்லை.

இக்காலப்பகுதியிலேயே, 1974 ஜனவரி 10 ஆம் திகதி, யாழ்ப்பாணத்தில் நான்காவது அனைத்துலகத் தமிழாராய்ச்சி மகாநாட்டின் இறுதிநாட் கூட்டத்தில் பொலிசார் தலையிட்டதைத் தொடர்ந்து ஒன்பது பேர் உயிரிழந்தனர். அரசாங்கம் விசாரணை நடத்தாதவிடத்து, ஓய்வுபெற்ற நீதியரசர்களான டி கிறெற்சர், மாணிக்கவாசகர் ஆகியோரையும் பேராயர் குலேந்திரனையும் கொண்ட மக்கள் ஆணைக்குழு விசாரணையை மேற்கொண்டு, பொலிசாரின் நடவடிக்கையைத் தேவையற்ற வன்முறையெனக் கண்டது. தண்டிக்கும் அதிகாரம் அவ்வாணைக்குழுவுக்கு இல்லை. எனினும் அரசு விசாரிக்க மறுக்கும்போது சமூகமே சான்றுகளைத் திரட்டிப் பதிவு செய்தல் என்ற மரபுக்கு அது நல்லதொரு முன்னுதாரணமாகும்.

6. 1979: விதிவிலக்கு விதியாதல்

1977 இல் ஆட்சிக்கு வந்த ஐக்கிய தேசியக் கட்சி அரசாங்கம் குற்றவியல் நீதி ஆணைக்குழுக்கள் சட்டத்தை நீக்கி, சிறையிலிருந்த கிளர்ச்சியாளரை விடுவித்தது. ஆனால் இரண்டாண்டுகள் செல்லுமுன்னரே அதே அரசாங்கம் 1979 ஆம் ஆண்டின் 48 ஆம் இலக்கப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தை இயற்றியது. நீக்கப்பட்ட சட்டத்தின் உயிர்நாடியான விதி புதிய சட்டத்தின் 16 ஆம் பிரிவில் மீண்டும் தோன்றியது. உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் பதவிக்குக் குறையாத அதிகாரியிடம் செய்யப்பட்ட கூற்று, காவலில் இருக்கும்போது செய்யப்பட்டதாயினும் எண்பிக்கத்தக்கதாயிற்று. அச்சுறுத்தலாற் பெறப்பட்டது எனக் காட்டும் எண்பிப்புச் சுமை, அதனைக் கூறும் சந்தேக நபர்மீதே சுமத்தப்பட்டது.

இவ்விதியைத் தனியே நோக்காது, ஏனைய பிரிவுகளோடு சேர்த்து நோக்கும்போதே அதன் முழுத்தன்மை விளங்கும். 9 ஆம் பிரிவு அமைச்சரின் கட்டளையினால் ஒருவரை மும்மாத காலங்களாக 18 மாதங்கள்வரை தடுத்து வைக்க இடமளித்தது. 10 ஆம் பிரிவு அக்கட்டளையை நீதிமன்றத்தில் வினாவுக்குட்படுத்த முடியாது என்றது. 7 ஆம் பிரிவு விளக்கமறியலிலுள்ளவரையும் பொலிசார் விசாரணைக்காக வெளியே கொண்டுசெல்ல அனுமதித்தது. மாதக்கணக்காக வெளியுலகத் தொடர்பின்றி வைக்கப்பட்டவர், சாட்சிகளற்ற அறையில் தமக்கு நேர்ந்ததைத் தாமே எண்பிக்கவேண்டும் என்பதன் பொருள், அதனை எண்பிக்கவே முடியாது என்பதாகும். சட்டப் பெயரிலே ‘தற்காலிக ஏற்பாடுகள்’ என்ற சொற்கள் இருந்தன. மூன்றாண்டுக்கென இயற்றப்பட்ட அதனை 1982 ஆம் ஆண்டின் 10 ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் நிரந்தரமாக்கியது.

1962 இல் ஒரு வழக்குக்காகவும், 1972 இல் ஒரு கிளர்ச்சிக்காகவும் இயற்றப்பட்ட விதிவிலக்கு, 1979 இன் பின்னர் ஒரு தலைமுறைக்கே உரிய சட்டமாயிற்று. அதன் சுமையைப் பெரிதும் தாங்கியவர்கள் தமிழ் இளைஞர். ஆயினும் 1980களின் இறுதியில் தென்னிலங்கையில் இரண்டாவது கிளர்ச்சி எழுந்தபோது சிங்கள இளைஞரும், 2019 ஏப்பிரல் குண்டுவெடிப்புகளின் பின்னர் முஸ்லிம்களும் இச்சட்டத்தின்கீழ்த் தடுத்து வைக்கப்பட்டனர். ஒரு சமூகத்தை நோக்கி நீட்டப்பட்ட கரம் அச்சமூகத்தோடு நின்றுவிடுவதில்லை.

இவ்விதியின் செயற்பாட்டுக்குச் சிங்கராசா வழக்கைச் சான்றாகக் காட்டலாம். 1993 இல் மட்டக்களப்பிற் கைது செய்யப்பட்ட இத்தமிழர், சிங்களத்தில் எழுதப்பட்டுப் பெருவிரல் அடையாளம் இடப்பட்ட ஓர் ஒப்புதலின் அடிப்படையில் 1995 இல் 50 ஆண்டுச் சிறைத்தண்டனை பெற்றார். மேன்முறையீட்டில் தண்டனை 35 ஆண்டாகக் குறைக்கப்பட்டது. ஒப்புதல் சித்திரவதையின் விளைவு என அவர் கூறினார். அதனை எண்பிக்கும் சுமையும் அவருடையதே என்றது சட்டம். 2004 இல் ஐக்கிய நாடுகள் மனித உரிமைகள் குழு, இச்சுமையை அவர்மீது சுமத்தியமை நீதியான விசாரணைக்குரிய உரிமையை மீறுவதெனக் கண்டது. ஆனால் 2006 இல் இலங்கை உயர் நீதிமன்றம், அக்குழுவிடம் தனிநபர் முறையிட வழிசெய்யும் உடன்படிக்கையில் அரசு சேர்ந்தமையே அரசியலமைப்புக்கு முரணானது எனத் தீர்த்து, அவரது கோரிக்கையை மறுத்தது.

7. பரிகாரங்களும் அவற்றின் எல்லையும்

மறுபக்கத்தையும் கூறுதல் நேர்மையாகும். 1978 ஆம் ஆண்டின் அரசியலமைப்பு, சித்திரவதைக்கும் இழிவான நடத்துகைக்கும் எவரும் உட்படுத்தப்படலாகாது என 11 ஆம் உறுப்புரையில் விதித்தது. ஏனைய பல உரிமைகளைப்போல் இதனை எக்காரணங்கொண்டும் மட்டுப்படுத்த முடியாது. 126 ஆம் உறுப்புரையின்கீழ் உயர் நீதிமன்றத்தை நேரடியாக நாடலாம். 1994 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்கச் சட்டம் சித்திரவதையை ஏழு ஆண்டுகளுக்குக் குறையாத சிறைத்தண்டனைக்குரிய குற்றமாக்கியது. 1996 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சட்டம் மனித உரிமைகள் ஆணைக்குழுவை நிறுவியது. 2001 ஆம் ஆண்டின் 17 ஆவது திருத்தம் தேசிய பொலிஸ் ஆணைக்குழுவை ஏற்படுத்தியது. ஏட்டளவில் இலங்கைச் சட்டம் வறியதன்று.

ஆனால் ஏட்டிலுள்ள உரிமை எவ்வாறு நடைமுறையில் தேய்கின்றது என்பதற்கு 1983 ஆம் ஆண்டு தெளிவான உதாரணம் தருகின்றது. 1982 ஆம் ஆண்டின் சர்வசன வாக்கெடுப்புக்கு எதிரான துண்டுப்பிரசுரங்களைக் கைப்பற்றிய பொலிஸ் அதிகாரி, பௌத்த பிக்கு ஒருவரின் கருத்துச் சுதந்திரத்தை மீறினார் என 1983 பெப்ரவரியில் உயர் நீதிமன்றம் தீர்த்து, 10,000 ரூபா நட்டஈடு விதித்தது. அவ்வதிகாரி பதவியுயர்வு பெற்றார். நட்டஈட்டை அரசு செலுத்தியது. அதே ஆண்டு மார்ச் 8 ஆம் திகதி, அனைத்துலக மகளிர் தினத்தில், இடதுசாரித் தலைவி விவியன் குணவர்தன கைது செய்யப்பட்டமை சட்டவிரோதமானது என ஜூன் மாதத்தில் நீதிமன்றம் கண்டது. சம்பந்தப்பட்ட அதிகாரிக்கும் பதவியுயர்வு கிடைத்தது. தீர்ப்பளித்த நீதியரசர்களின் இல்லங்களுக்கு முன்னால் கும்பலொன்று கூச்சலிட்டது. மறுமாதம் நாடு கண்ட பேரழிவை யாவரும் அறிவர். சட்டத்தை மீறியவன் பரிசுபெறும் நாட்டில், சட்டமே மீறலுக்கான அழைப்பாகிவிடுகின்றது.

சாட்சியின் நிலையும் இதனோடு தொடர்புடையது. 2002 இல் வத்தளைப் பொலிசாராற் தவறுதலாகக் கைது செய்யப்பட்டுக் கொடூரமாகத் தாக்கப்பட்ட ஒருவருக்கு, 2003 இல் உயர் நீதிமன்றம் அதுவரை அரிதாயிருந்த பெருந்தொகையை நட்டஈடாக வழங்கியது. ஆனால் அதிகாரிகளுக்கெதிரான குற்றவியல் வழக்கில் அவர் சாட்சியமளிக்கவிருந்த வேளையில், 2004 நவம்பரில், ஓடும் பேருந்தில் வைத்துச் சுடப்பட்டு உயிரிழந்தார். சாட்சிகளைப் பாதுகாக்கும் சட்டம் 2015 வரை இயற்றப்படவில்லை.

1983 இன் வடு பழங்கதையாகவும் மறையவில்லை. 2023 டிசெம்பரில், தடுப்பிலிருந்த ஒருவரைச் சித்திரவதை செய்தமையில் அப்போதைய பதில் பொலிஸ் மா அதிபர் தேசபந்து தென்னக்கோன் உட்பட அதிகாரிகள் அடிப்படை உரிமையை மீறியதாக உயர் நீதிமன்றம் தீர்த்தது. 2024 பெப்ரவரியில் அவரே பொலிஸ் மா அதிபராக நியமிக்கப்பட்டார். அந்நியமனம் 2024 ஜூலையில் நீதிமன்றத்தின் இடைக்காலக் கட்டளையால் தடுக்கப்பட்டு, 2025 ஆகஸ்தில் பாராளுமன்றத் தீர்மானத்தினால் அவர் பதவி நீக்கப்பட்டார். நாற்பது ஆண்டுகளின் பின்னர் கதையின் தொடக்கம் ஒன்றாகவே இருந்தது; முடிவு மாத்திரம் மாறியது. அம்மாற்றம் சிறிதாயினும் புறக்கணிக்கத்தக்கதன்று.

இன்னுமொன்று. 126 ஆம் உறுப்புரை, மீறல் நிகழ்ந்து ஒரு மாதத்துக்குள் கொழும்பிலுள்ள உயர் நீதிமன்றத்தை அணுகவேண்டும் என்கின்றது. மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு நிலுவையிலிருக்கும் காலம் இக்கணக்கிற் சேராது என்பது ஓரளவு ஆறுதலே. ஆயினும் முல்லைத்தீவிலோ மொனராகலையிலோ தாக்கப்பட்ட கூலித்தொழிலாளி, காயம் ஆறுமுன்னர், தலைநகர் சென்று, சட்டத்தரணியை அமர்த்தி, தன் ஊர்ப் பொலிஸ் நிலையத்துக்கு எதிராக வழக்கிடவேண்டும். 1855 இன் அறிக்கையில் உழவனைத் தடுத்து நின்றவை எனக் கூறப்பட்ட தூரமும் செலவும் அச்சமும் பெயர் மாறி இன்றும் அவ்விடத்திலேயே நிற்கின்றன.

8. முடிவுரை

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்குமிடத்துச் சில முடிவுகளுக்கு வரலாம். முதலாவதாக, பொலிசாரிடம் செய்த ஒப்புதலை விலக்கும் விதி அந்நிய ஆட்சியாளர் அருளிய பரிசன்று. துன்புறுத்தப்பட்டோர் துணிந்து அளித்த சாட்சியத்தின் பேறாகும். தம்மைத் துன்புறுத்தியவரின் ஆட்சி நடக்கும்போதே முறையிட முன்வந்தவர்களின் குரல் அவ்விதியில் உறைந்துள்ளது. இரண்டாவதாக, இலங்கையில் அவ்விதியைத் தளர்த்திய மூன்று சந்தர்ப்பங்களும் மூன்று வேறுபட்ட எதிரிகளை முன்னிறுத்தின: 1962 இல் உயர்குழாத்துச் சதிகாரர், 1972 இல் சிங்களக் கிராமப்புற இளைஞர், 1979 இல் தமிழ் இளைஞர். ஒவ்வொரு முறையும் நாட்டின் பெரும்பகுதியினர், இவ்விதிவிலக்குத் தமக்கன்று, பிறருக்கென்றே எண்ணினர். மூன்றாவதாக, இத்தளர்வு எந்தவொரு கட்சிக்கும் தனியுரிமையானதன்று. வலதுசாரிகளும் இடதுசாரிகளும் அதிற் பங்குகொண்டனர். ஆகவே ஆட்சிமாற்றத்தினால் மாத்திரம் தீர்வு வரும் என நம்புதற்கு வரலாறு இடந்தரவில்லை.

2022 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் தடுப்புக்காவலின் உச்சகாலத்தை 18 மாதங்களிலிருந்து 12 மாதங்களாகக் குறைத்தது. தடுப்பிடங்களுக்கு நீதவான் செல்லவும் ஏற்பாடு செய்தது. ஆனால் 16 ஆம் பிரிவை அகற்றவில்லை. காவலின் நீளம் குறைந்தது. காவலிற் பிழிந்தெடுக்கப்படும் சொல்லின் விலை குறையவில்லை. சித்திரவதைக்கு எதிராக எத்தனை சட்டங்கள் இயற்றப்பட்டாலும், அதனாற் பெறப்பட்ட சொல்லுக்கு நீதிமன்றத்தில் மதிப்பளிக்கும் சட்டம் ஒன்று நிலைக்குமாயின், முன்னையவை அனைத்தும் பயனிழக்கும். பயங்கரவாதத்தை எதிர்கொள்ளவென எதிர்காலத்தில் எப்பெயரில் எச்சட்டம் வரினும், அதனை அளந்துபார்க்க நமக்கோர் எளிய அளவுகோல் உண்டு. பொலிசாரிடம் செய்யப்பட்ட ஒப்புதலைப் பற்றி அது யாது கூறுகின்றது என்பதே அவ்வளவுகோல். 1855 இல் கிட்டியில் விரல் நெரிபட்டவர்கள் நமக்கு விட்டுச்சென்ற அளவுகோலும் அதுவே.